ஓட்டுநர் இருக்கையின் அளவு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கார் கட்டுகிற வேலை இன்று காலை தொடங்கியது. மதியத்துக்குள் என் கணவர் நான்கு போல்ட்டுகளைத் தொலைத்துவிட்டார். பழைய கார்களை உடைக்கிற இடத்திலிருந்து வாங்கி வந்த எண்ணூறு சிசி என்ஜின். கழற்றியதையெல்லாம் ஒரே பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், எது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நான் உள்ளே போய்ப் பழைய இட்லித் தட்டுகளை எடுத்து வந்தேன். ஒரு குழிக்கு ஓர் இடத்து போல்ட், கழற்றிய வரிசையில். பக்கத்தில் ஒட்டுத்தாளில் பெயர். மாட்டும்போது கடைசிக் குழியில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் போதும்.

“ஏன் அம்மிணி, அப்ப இட்லிக்கு என்ன பண்ணுவே?” என்றார்.

“தோசை,” என்றேன்.

வேலைப் பங்கீடு இப்படி. அவர் தனபால், நூற்பு மில்லில் ஃபிட்டர், என்ஜினும் கியர்பாக்ஸும் அவர் பொறுப்பு. வெல்டிங் சுலைமான் அண்ணன். அடுத்த தெருவில் கேட், கிரில் அடிக்கிறவர், இவருடைய பள்ளிக்கூட சிநேகிதர். நான் மரகதம். காந்திபுரத்தில் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் பொறுப்பு. மற்றதெல்லாம் என்றால் எவ்வளவு என்று ஆண்கள் யோசிப்பதே இல்லை.

டிசம்பரில் இரண்டாவது ஞாயிறு ஊருக்கு வெளியே ஓட்டக்களத்தில் ஒரு நிகழ்ச்சி. வீட்டில் கட்டிய கார்களை மட்டும் ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள். போன வருஷம் வேடிக்கை பார்க்கப் போனோம். திரும்பி வரும்போதே இவர் முடிவு பண்ணிவிட்டார். “நாமளும் ஒண்ணு கட்டறோம். நான் ஓட்டறேன், நீ சீட்டைத் தைச்சுக் குடு” என்றார். சரி என்றேன். எனக்கு ஓட்டுகிற ஆசையெல்லாம் கிடையாது. கடை வேனை தினமும் ஓட்டுகிறேன், அதுவே போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காரின் சட்டத்துக்குச் சதுரக் குழாய்களை வெட்டிப் பொருத்தியாயிற்று. அளக்கிறதற்கு இவர் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். துணி டேப் இழுத்தால் இழுத்த பக்கம் வரும், அதை வைத்து இரும்பை அளக்கலாமா? பிடுங்கி வைத்துவிட்டு எஃகு டேப்பைக் கொடுத்தேன். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தது.

“விரற்கடைதானே அம்மிணி, விடு,” என்றார்.

“ஜாக்கெட்டுல விரற்கடை தப்பினா கையே தூக்க முடியாதுங்க மாமா. இது கார்.”

சுலைமான் அண்ணன் என் பக்கம் நின்றார். நல்ல வேளையாக எல்லா மூட்டும் புள்ளி வைத்துப் பற்றவைத்ததோடு நின்றிருந்தது. தைக்கும் முன் நூல் ஓட்டி வைப்பது மாதிரிதான் அது, தட்டினால் பிரியும். பிரித்து நேராக்கினார். முழு வெல்டிங் போடும்போதும் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, சூடு இழுத்துவிடும். இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப் பக்கம் ஒன்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தரைத் தகட்டை அட்டையில் வெட்டிப் பார்க்காமல் நேராக வெட்டினார். ஒரு தகடு வீண். அடுத்ததை நான் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, வடிவம் வெட்டி, சட்டத்துக்குள் வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகு தகட்டில் வரைந்து கொடுத்தேன். தட்டக்கூடத் தேவைப்படவில்லை, போய் உட்கார்ந்துகொண்டது. சீட் கவருக்கு இருபது வருஷமாகச் செய்கிற வேலை. இவர் பாராட்டினார். பாராட்டிவிட்டு டீ கேட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

மில்லில் புது மிஷின் இறக்குகிறார்கள். இவர் விடியும் முன் போய் இருட்டிய பிறகு வருகிறார், வந்ததும் தட்டின் முன்னாலேயே தூங்குகிறார். காலை பத்து மணிக்கு சுலைமான் அண்ணன் வெல்டிங் மிஷினோடு வந்து நின்றார். நாளை முதல் ஒரு மாதம் கல்யாண மண்டப வேலையாம், இன்று விட்டால் நேரமில்லை. ஸ்டீயரிங், பெடல், சீட் மூன்றுக்கும் இன்றைக்கே இடம் குறித்தாக வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ஸ்டீயரிங் தண்டுக்குப் பதில் விளக்குமாற்றுக் குச்சி, அதன் நுனியில் பழைய ஸ்டீயரிங். பெடலுக்குச் செங்கல். சீட்டுக்குக் கடைப் பஞ்சு. ஆள் உள்ளே உட்கார்ந்து, முழங்கை லேசாக மடிகிற தூரத்தில் பிடித்து, பெடலை முழுக்க அழுத்தினாலும் முட்டி கொஞ்சம் மடிந்தே இருக்கிறதா என்று பார்த்து, அங்கே சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஆள் வேண்டுமே. நான் உட்கார்ந்தேன்.

சுலைமான் அண்ணன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, ஓட்டப்போறது தனபாலுதானே? அவன் உன்னைவிட அரையடி உசரமாச்சே.”

“அவரு எங்கண்ணா வர்றாரு. யாரு கால் வச்சா என்ன, பெடல் பெடல்தான். பத்த வைங்க.”

அவர் சாக்பீஸ் கோட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு முகமூடியை இறக்கினார். நல்ல கை அவருக்கு, எல்லாம் பிசிறில்லாமல் நின்றது. வேலை முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் ஆற வேண்டும் அல்லவா.

செப்டம்பர் 12, வெள்ளி

“ஸ்டீயரிங் நின்னுருச்சா?” என்று இவர் கேட்டார். நின்றது என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பேனர்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அடுக்கினேன். காருக்குச் சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சை. உடம்புத் தகடு இன்னும் மாட்டவில்லை, எலும்புக்கூட்டுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. இவர் முதல் முறையாக உள்ளே உட்கார்ந்தார். கொஞ்சம் நெளிந்தார்.

“இறுக்கமா இருக்குதே அம்மிணி.”

“ரேஸ் வண்டின்னா அப்படித்தானுங்க இருக்கும்.”

அது பொய் இல்லை. ரேஸ் வண்டி இறுக்கமாகத்தான் இருக்கும். அவருக்கே அது பெருமையாகப் போய்விட்டது. சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து தின்றார். இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், வயசாச்சு என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி, முறுக்கு பாக்கி இருக்கிறது, ஆனாலும் இதை எழுதிவிடுகிறேன். சட்டத்துக் குழாய்க்குள் ஒயர் இழுக்க இவர் காலையிலிருந்து கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பஞ்சுருண்டையில் நைலான் நூலைக் கட்டிக் குழாயின் ஒரு முனையில் வைத்தேன். மறு முனையில் கடை வேக்குவம் கிளீனரைப் பிடித்தேன். சர்ரென்று நூல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நூலில் ஒயரைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஒயரின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்ட வேண்டும், ஒரு முனையில் மட்டும் ஒட்டுகிறவர்கள் கடைசியில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவர் அந்த ரகம்.

நவம்பர் 5, புதன்

நிகழ்ச்சி நடத்துகிறவர் இவர் போனை எடுக்கவில்லை என்று எனக்குக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். தீயணைப்புக் குப்பி கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும். பேட்டரியை வெளியிலிருந்து துண்டிக்கிற சுவிட்ச் வேண்டும். ஹெல்மெட், ஷூ, கையுறை. கடைசியாக ஒன்று: ஓட்டுகிறவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற நிலையிலிருந்து, பத்து எண்ணுவதற்குள் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். அன்று காலை சோதித்துப் பார்ப்பார்களாம்.

இவர் வந்ததும் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசி விதிக்கு வரும்போது குறட்டை. எழுப்பவில்லை. பாவம், அசதி.

நவம்பர் 16, ஞாயிறு

சீட் தைத்து மாட்டியாயிற்று. கறுப்பு ரெக்ஸின், சிவப்பு நூல். இடுப்புப் பக்கம் அணைத்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு திண்டு வைத்தேன். தையல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காக மத்தியானம் பெல்ட் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். பெல்ட்டைத் தட்டு, வலது கையால் தலைக்கு மேல் கம்பியைப் பிடி, பின்புறத்தை முதலில் தூக்கு, அப்புறம் கால். கால் முதலில் என்றால் முட்டி மாட்டும். தையல் நன்றாக இருக்கிறது. ஆறு எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கார் ஓடியது.

வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்ட காலி நிலம் இருக்கிறது, அங்கே தள்ளிக்கொண்டு போனோம். இவர் உள்ளே நுழைந்து உட்காரவே நேரமானது. சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், ஒரு புகை, பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று சுற்று ஓட்டினார். பிரேக் நன்றாக நிற்கிறது. போன வாரம் பிரேக் குழாய்க்குள் இருந்த காற்றை நான் தனியாகவே எடுத்தேன். பிரேக் குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் டியூப், அதன் மறு முனை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கியபடி. பெடலை மிதித்தால் காற்று குமிழியாக வெளியே போகும், திரும்ப உள்ளே வராது. இரண்டாவது ஆளே வேண்டாம்.

இவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்று கூட அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை. நான் டயர் காற்றைப் பார்க்கக் குனிந்துகொண்டேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

“நீயும் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறியா?” என்று கேட்பார் என்று நின்றேன். பெட்ரோல் கம்மியாக இருக்கிறது, போதும் என்றார்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது சுலைமான் அண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. ஸ்டீயரிங்கைத் தாங்கற அந்தப் பிராக்கெட்டை வெட்டி முன்னாடி தள்ளிரலாம். அரை நாள் வேலை.”

“பெயின்ட் அடிச்சாச்சுங்கண்ணா.”

“பெயின்ட்டா பெரிசு?”

“ஆமாங்கண்ணா,” என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

எல்லா போல்ட்டையும் கடைசியாக ஒரு தரம் முடுக்கினோம். ஒருவர் முடுக்க வேண்டும், இன்னொருவர் ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டு போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் பிறகு நழுவினால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். முடுக்கியவரே கோடு போடுவது கூடாது, தன் வேலையை யாரும் தப்பு என்று பார்க்க மாட்டார்கள். அவர் முடுக்கினார், நான் கோடு போட்டேன். நாள் முழுக்க ஒரு சண்டை இல்லை. என் கையில் நகப்பூச்சு பட்டதை அவரே துடைத்துவிட்டார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. பெயின்ட் தின்னர் நெடி கண்ணைக் கரிக்கத்தான் செய்யும்.

டிசம்பர் 13, சனி

நாளைக்கு. ஷூவைத் துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

டெம்போவில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். பதினாறு வண்டிகள். நம் வண்டியைச் சுற்றிக் கூட்டம். சீட் தையலைப் பற்றி மூன்று பேர் விசாரித்தார்கள், கடை விலாசம் கொடுத்தேன்.

சோதனை செய்கிறவர் ஒல்லியான மனிதர், கழுத்தில் விசில். வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தார், போல்ட் கோடுகளைப் பார்த்து இது யார் யோசனை என்று கேட்டார். எல்லாம் சரி. “சார், பெல்ட் போட்டு உக்காருங்க. விசில் அடிச்சதும் வெளிய வாங்க. நான் பத்து எண்ணுவேன்,” என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு சோதனை இருப்பது தெரியாது என்று அந்தப் பார்வையில் இருந்தது. நான் தீயணைப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தரம் முட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டது. பத்து எண்ணி முடித்து அவர் நிறுத்தியபோது இவர் பாதி வெளியே, பாதி உள்ளே. இரண்டாவது தரம் ஷூவைக் கழற்றிவிட்டு முயன்றார், ஷூ இல்லாமல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தரம் முட்டி உரிந்து பேன்ட்டில் ரத்தம் தெரிந்தது. சோதனை செய்கிறவர் பக்கத்தில் வந்தார்.

“மன்னிக்கணும் சார். நெருப்புப் பிடிச்சா இப்படித்தான் மாட்டிக்குவீங்க. வேற ஆள் ஓட்டறதா இருந்தா வரச் சொல்லுங்க. இல்லேன்னா வண்டியை ஏத்திருங்க.”

இவர் சுலைமான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “என்னை உள்ள விட்டா அப்புறம் கட்டிங் மிஷின் வச்சுத்தான் எடுக்கணும்.” யாரும் சிரிக்கவில்லை. பிறகு அண்ணன் என்னைப் பார்த்தார். இவரும் பார்த்தார்.

நான் தற்செயலாக ஷூ போட்டிருந்தேன். சேலை வேண்டாமே, வெயில் காட்டில் நிற்க வேண்டுமே என்று சுடிதார் போட்டிருந்தேன். கைப்பையில் கையுறை இருந்தது. லைசென்ஸும் இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எடுக்க இவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கையுறையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்தேன். விசில் அடித்தார். அவர் ஆறு என்று சொல்லும்போது நான் தரையில் நின்றிருந்தேன்.

இவர் ஹெல்மெட் எனக்குப் பெரிது, அங்கேயே ஒன்றை இரவல் வாங்கினோம். வரிசையில் காத்திருக்கும்போது இவர் வந்து குனிந்து என் தோள் பெல்ட்டை இழுத்து முடுக்கினார். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். குனிந்தபடியே காதுக்குப் பக்கத்தில் சொன்னார்.

“அளவெடுக்கறதுல நீ தப்புப் பண்ணுவியா அம்மிணி?”

கொடி விழுந்தது.

ஓட்டத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வளைவில் பயந்து பிரேக்கை அதிகமாக மிதித்தேன். இரண்டாவதில் மிதிக்கவில்லை. ஸ்டீயரிங் கைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டுமோ அவ்வளவு தூரத்தில் இருந்தது, பெடல் பாதத்துக்கு நேராக இருந்தது. இடுப்பை நான் வைத்த திண்டுகள் பிடித்துக்கொண்டன. நீளமான நேர் ஓட்டத்தில் முழுக்க மிதித்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள் எனக்கே காது அடைத்தது. நாற்பத்தாறு வயதில் இவ்வளவு சந்தோஷம் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பதினாறில் ஏழாவது. புது ஆளுக்கு நல்ல நேரம் என்று விசில்காரர் கை கொடுத்தார். இவர் வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வீடு வரும் வரை டெம்போவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

சாப்பாட்டு டிபன் எடுக்காமல் மில்லுக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறார், வாசலில் கண்ணுக்கு முன்னால்தான் வைத்திருந்தேன். போகட்டும், மில் கேன்டீன் சாம்பார் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும்.

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றும் எடுக்கவில்லை. கடையில் ஒரு சீட் கவரைத் தலைகீழாக வெட்டிவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது ஷெட்டில் அவர் இருந்தார். ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். கையில் கட்டிங் மிஷின், பிளக் சொருகியிருந்தது, ஸ்டீயரிங் பிராக்கெட்டுக்கு மேல் சாக்பீஸில் கோடு போட்டிருந்தது. அந்த வண்டியை வெட்டிவிடுவார் என்பதைவிட, வெட்டினால் தடுக்க எனக்கு வாய் வராது என்பதுதான் பயமாக இருந்தது.

“வெட்டிரலாம்னுதான் வந்தேன்,” என்றார்.

நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

“வெட்டி நகத்தி, என் அளவுக்கு வச்சுரலாம்னு. ஒரு மணி நேரமா மிஷினைக் கையில வச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

“வெட்டுங்க. உங்க உழைப்பும்தான் இதுல இருக்குது.”

“நல்லா ஓட்டினே. அதுதான் அம்மிணி எனக்கு இன்னும் கோவமா வருது. மோசமா ஓட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.” மிஷினை மடியில் வைத்துக்கொண்டார். “ஏன், ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல? நான் ஓட்டறேன்னு.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா மாமா?”

அவர் தலையைக் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதனால்தான் இத்தனை வருஷம் இவரோடு குப்பை கொட்ட முடிந்தது.

“மாட்டேன்,” என்றார்.

“எனக்கும் அது தெரியும். அதான் கேக்கலை. உங்க ஆசையில மண்ணைப் போட்டதுக்கு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க. ஆனா அன்னைக்குப் போலவே இன்னொரு நாள் விளக்குமாத்துக் குச்சியைக் கையில குடுத்தா, மறுபடியும் நான் உள்ள உக்காந்துதான் குறிப்பேன்.”

அவர் எழுந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, மிஷினை அலமாரியில் வைத்தார். துணியை நனைத்து சாக்பீஸ் கோட்டைத் துடைத்தார்.

“இது இப்படியே நிக்கட்டும். என்ஜின் இன்னொண்ணு பாத்து வச்சிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, ஷெட்டுக்கு நடுவில் வந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். “எடு அளவை.”

எஃகு டேப்பை எடுத்து வந்தேன். கை நீளம், தொடை நீளம், முட்டி முதல் பாதம் வரை, தோள் அகலம். அவர் நம்ப வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எடுத்து, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.